கல்லாவில் உட்காராத நாட்கள்

என் மாமியார் ஒரு தட்டில் மாங்காயைப் பத்தை பத்தையாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கென்று அவர் ஒரு பண்டத்தை நறுக்கியது அதுதான் முதல் முறை. எனக்கு மாங்காய் பிடிக்காது, பல் கூசும். அதைவிட, தட்டை வைத்துவிட்டு அவர் பார்த்த பார்வை பிடிக்கவில்லை. முகத்தைப் பார்க்காமல் நேராக என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார். என் வயிற்றைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டும்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பது புரிய வேண்டுமானால் எங்கள் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலை மேல் இருக்கிற காவலூரில், பஸ் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் மளிகைக் கடை. முன்பக்கம் கடை, நடுவில் வீடு, பின்னால் மாட்டுக் கொட்டாய். அதை ஒட்டித் தகரம் போட்ட சின்னக் கொட்டாய் ஒன்று. கல்யாணமாகி வந்த புதிதில் அது விறகு அடுக்குகிற இடம் என்று நினைத்தேன். வந்த முதல் மாதமே அது எனக்கான இடம் என்று தெரிந்துபோனது. வீட்டுக்குத் தூரமானால் மூன்று நாளும் அங்கேதான். பாய், தலையணை, தட்டு, சொம்பு எல்லாம் தனி. கலசப்பாக்கம் பக்கத்தில் என் அம்மா வீட்டிலும் இதெல்லாம் உண்டுதான். ஆனால் அங்கே வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் பாயைப் போட்டுக்கொண்டு டிவி பார்க்கலாம். இங்கே மாட்டு மூத்திர வாடையில் மாட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். மாடு பரவாயில்லை, எதுவும் கேட்காது.

ஊர் கேட்கும். ஏனென்றால் அந்த மூன்று நாளும் நான் கல்லாவில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கடையில் லட்சுமி தங்க மாட்டாளாம். அதனால் என் வீட்டுக்காரர் உட்காருவார். அவருக்குக் கடையில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. சீரகம் கேட்டால் சோம்பை எடுத்து நீட்டுவார். அதிலேயே எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும். பீடி வாங்க வருகிறவன்கூட, "இன்னாண்ணே, நீ ஒக்காந்துகினுகீற, அண்ணி தூரமா?" என்று கேட்டுவிட்டுப் பீடியைப் பற்றவைப்பான். நெல்லிவாசல்நாட்டுப் பக்கமிருந்து சாமையும் புளியும் கொண்டுவந்து போடுகிற பெண்கள் வரைக்கும் என் தேதி அத்துப்படி. பத்திரிகையில் போட்டிருந்தால்கூட இத்தனை பேர் படித்திருக்க மாட்டார்கள். முதல் வருடம் வெட்கமாக இருந்தது, அப்புறம் வெட்கம் போய் அருவருப்பு வந்தது, அது இன்னும் போகவில்லை.

இதில் என் வலி வேறு. வயதுக்கு வந்ததிலிருந்தே வலிதான், ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அது வேறு மாதிரி ஆனது. ஈரப் போர்வையை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழிவார்களே, அடிவயிற்றில் அப்படி ஒரு முறுக்கு. முதுகில் இறங்கி, தொடைக்குள் போய், முழங்கால் வரைக்கும் இழுக்கும். தூரமான நாட்களில் மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்துவிடலாம். இது முன்னாலும் வந்தது, பின்னாலும் வந்தது. கக்கூசுக்குப் போனால் கத்தியால் கிழிக்கிற மாதிரி இருக்கும், அதனால் சாப்பிடவே பயம். புருஷன் பக்கத்தில் வந்தால் பயம். அவர் கெட்டவர் இல்லை, நான் பல்லைக் கடிப்பதைப் பார்த்துவிட்டு விலகிப் போய்விடுவார். விலகிப் போனபின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வலித்தது எனக்கு, கோபம் அவருக்கு.

மாதத்தின் நடுவில் திடீரென்று கொஞ்சம் படும். இரண்டு சொட்டுதான். ஆனால் சொட்டாக இருந்தாலும் தீட்டு தீட்டுதானே, கொட்டாய்க்குப் போ என்பார் மாமியார். சில மாதம் நான் வீட்டுக்குள் இருந்த நாளைவிடக் கொட்டாயில் கிடந்த நாள் அதிகம். கடைக்கு வருகிறவர்கள் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இன்னாண்ணே, மறுபடியுமா?" என்று சிரித்தார்கள். நான் தகரத்துக்குப் பின்னால் வாந்தியெடுத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"ஒலகத்துல இல்லாத வலியா இவளுக்கு மட்டும்? வேலைக்குப் பயந்துகினு நடிக்கிறா," என்று மாமியார் வெளியே நின்று மாட்டிடம் சொல்வார். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் மாட்டிடம் சொல்வது. அத்தோடு விட்டாலும் பரவாயில்லை. ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை அவருக்கு. அதற்காகத் தூரமான மூன்று நாளும் காலையில் வெறும் வயிற்றில் மலைவேம்பு இலையை அரைத்துப் பிழிந்து ஒரு தம்ளர் சாறு கொடுப்பார். பச்சைப் பசேலென்று நுரை கட்டிக்கொண்டு இருக்கும். வாசலில் வைத்துவிட்டு, குடித்து முடிக்கிற வரைக்கும் எட்ட நின்று பார்ப்பார். வலியில் ஏற்கெனவே வயிறு புரட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் இந்தக் கசப்பு. எடுத்த வாந்தியைப் பார்த்து அவர் முகம் சுளிப்பார். என் வலிக்கு அல்ல, வீணாய்ப்போன சாற்றுக்கு.

கீழே டவுனில் டாக்டர்கள் மட்டும் என்னவாம். ஒருவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதாம்மா," என்றார். இன்னொருவர் வாயுத் தொல்லை என்றார். மூன்றாவது ஒருவர், "சீக்கிரம் ஒரு கொழந்த பெத்துக்கோ, தானா சரியாய்டும்," என்று என் மாமியார் சொன்னதையே கட்டணம் வாங்கிக்கொண்டு சொன்னார். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்லி, கதவைத் திறந்து போட்டு, "அடுத்தது யாரு, வயித்து வலி பொண்ணா?" என்று வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துவார்கள். வயிற்றில் தடவுகிற அந்த வழவழப்பான பசையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. துடைக்கக் கொடுத்த துணி எனக்கு முன்னால் எத்தனை பேரைத் துடைத்ததோ, ஈரமாகவே இருந்தது.

கடைசியாக ஒரு டாக்டரம்மா கிடைத்தார். கேட்டார், நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டார். அதற்கே எனக்கு அழுகை வந்தது. எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் சொன்னார். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு மாதிரி ஒன்று வெளியே, முட்டைப்பை மேல், குடல் பக்கம் எல்லாம் படர்ந்திருக்கிறதாம். மாதாமாதம் அதுவும் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியுமாம், போக வழியில்லாமல் தேங்கிக் கட்டியாகுமாம். அந்தக் கட்டிக்கு ஆஸ்பத்திரியில் சாக்லேட் கட்டி என்று பெயர். பழைய ரத்தம் பார்க்க அந்த நிறத்தில் இருக்குமாம். பெயர் வைத்தவன் கையில் கிடைத்தால் எங்கள் கடையில் வந்து ஒரு நாள் உட்கார வைப்பேன். ஸ்கூல் விட்டதும் பிள்ளைகள் ஓடிவந்து சாக்லேட் கேட்கும். பாட்டிலுக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் என் வயிற்றுக்குள் இருப்பதை எடுத்துக் கொடுப்பது போல எனக்குக் கை கூசும். அதன் பிறகு நான் சாக்லேட்டைத் தொட்டு வாயில் போட்டதில்லை.

டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் ஒன்று, ஒரே நேரத்தில், ஒரு நாளும் விடாமல். "இதப் போட்டா பீரியட்ஸ் நின்னுடும்மா, பயப்படாதீங்க. கட்டி அடங்கட்டும், வலி கொறையட்டும். கொழந்தைக்கு அப்புறமா பாத்துக்கலாம், அப்ப இத நிறுத்திடலாம்," என்றார். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். குழந்தை வேண்டாம் என்று நான் எப்போதும் சொன்னதில்லை. முதலில் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றுதான் கேட்டேன். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது, அந்த ஒன்று அந்த மாத்திரையில்தான் இருந்தது.

முதலில் தலைவலியும் எரிச்சலும் வந்தன, அங்கங்கே கொஞ்சம் பட்டது. பிறகு ஒரு மாதம் எதுவுமே வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. வலி மெதுவாக விலகிப் போனது. ஒரு நாள் ஸ்டூல் மேல் ஏறி மேல் தட்டிலிருந்து சோப்புப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான், ஏறும்போதும் இறங்கும்போதும் வயிற்றைப் பிடிக்கவில்லை என்பதையே கவனித்தேன். மறுபடி ஒரு தடவை சும்மாவே ஏறி இறங்கினேன். சந்தோஷமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது, வெறும் சந்தோஷம். துவரம்பருப்பு மூட்டையை நானே இழுத்து வைத்தேன், பஸ் வருகிற சத்தம் கேட்டதும் எழுந்து நின்று பார்சலை வாங்கினேன், ராத்திரியெல்லாம் டெலஸ்கோப்பில் வானத்தைப் பார்த்துவிட்டுக் காலையில் பால் பாக்கெட்டுக்கு வருகிற அப்சர்வேட்டரி ஆட்களிடம் சிரித்துப் பேசினேன். மாதக்கணக்கில் ஒரு நாள்கூட இடம் மாறாமல் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன்.

அதைத்தான் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது குழந்தைக்காகத்தான் என்று மாமியார் நினைத்திருந்தார். அவருக்கு ஆஸ்பத்திரி என்றால் அதற்குத்தான். போனார்கள், மாத்திரை கொடுத்தார்கள், மாத்திரை சாப்பிட்டதும் மருமகள் கொட்டாய்க்கு வருவது நின்றது. இதற்கு மேல் என்ன வேண்டும்? மாங்காய் வந்தது.

"அத்த, அப்படி ஒண்ணும் இல்லீங்க," என்றேன் அன்றைக்கே. "வலிக்குத்தான் மாத்திரை குடுத்தாங்க. அதனாலதான் நின்னிருக்கு."

மாமியார் வாயில் விரலை வைத்தார். "தெரியும்டி. மூணு மாசம் ஆவற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாது. கண்ணு பட்டுடும். நானும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஐயோ, இல்லவே இல்லீங்க அத்த."

"இல்லன்னே சொல்லு. யாரு கேட்டாலும் அப்டியே சொல்லணும்," என்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தார். சாயங்கால பஸ் போவதற்குள் தெருவில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் ரகசியமாகச் சொல்லி முடித்திருந்தார்.

அதன் பிறகு நான் எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவு உறுதியானது. எங்கள் பக்கத்தில் யாரும் மூன்று மாதத்துக்குள் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள், இல்லை என்றுதான் சொல்வார்கள். நானும் இல்லை என்று சொன்னேன். கடைக்கு வருகிறவர்கள் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "ஆமா ஆமா, இல்ல," என்றார்கள். மாத்திரைப் பட்டையைக் காட்டினேன், சத்து மாத்திரை என்றார்கள். எரிச்சலில் ஒருத்தியிடம் கத்திவிட்டேன். அவள் போய், மசக்கையில் கோபம் அதிகமாக வருகிறது, ஆண் குழந்தைதான் என்று சொல்லியிருக்கிறாள்.

நெல்லிவாசல்நாட்டிலிருந்து சாமை கொண்டுவருகிற பெண் ஒருத்தி ஒரு பாட்டில் தேனை எனக்கென்று தனியாக வைத்துவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டிலிருந்து நெல்லிக்காய் வந்தது. மாமியார் காலையில் எனக்குக் குளிக்கச் சுடுதண்ணீர் வைத்தார், பால் காய்ச்சினார், மூட்டையைத் தொட்டால் கையைத் தட்டிவிட்டார். "நீ ஒக்காரு. அவன் தூக்குவான்," என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. அந்தத் தகரக் கொட்டாயில் சுருண்டு கிடந்து கத்தினபோது ஒரு வாய்த் தண்ணீரை நெருங்கி வந்து கொடுக்காத கைகள், என் வயிற்றில் இல்லாத ஒன்றுக்குப் பாலாடையை எடுத்துப்போட்டு ஆற்றிக் கொடுத்தன. நான் இத்தனை நாள் இந்த வீட்டில் யாராக இருந்தேன் என்பது அந்தப் பால் தம்ளரில் நன்றாகவே தெரிந்தது. எனக்கு வலித்தால் நடிப்பு. எனக்குள் ஒன்று இருந்தால், அதற்கு வலிக்கக் கூடாது.

என் வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு அவர்தானே தலையாட்டினார். "உங்க அம்மாகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க," என்றேன்.

"சொல்றவங்க சொல்லட்டும் வுடு. உனுக்கு இன்னா கொறஞ்சு போச்சு? பாலு வருது, தேனு வருது," என்று சிரித்தார்.

அவர் ஏன் சிரித்தார் என்று எனக்குத் தெரியும். டீக்கடையில் அவரை இத்தனை வருடம் கிண்டல் செய்தவர்கள் இப்போது முதுகில் தட்டி டீ வாங்கிக் கொடுத்தார்கள். புதுச் சட்டை போட ஆரம்பித்திருந்தார். இல்லாத பிள்ளைக்கு அப்பனாக இருப்பது அவருக்குச் சுகமாக இருந்தது. பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும், எனக்குச் சீ என்றுதான் தோன்றியது.

மாமியாரே போய் கிராமத்து நர்ஸிடம் சொல்லியிருக்கிறார், மருமகள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று. நர்ஸ் ஒரு நாள் காலையில் ஸ்கூட்டியில் வந்து கடை முன்னால் இறங்கினார். கடையில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். "எத்தன நாள் தள்ளிப் போயிருக்கும்மா? இன்னும் ஏன் பதியல?" என்று சத்தமாகவே கேட்டார். நான் கல்லாவைத் திறந்து மாத்திரைப் பட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் திருப்பிப் பார்த்தார். "இது பீரியட்ஸ நிறுத்தற மாத்திரைம்மா. கர்ப்பம்னு யார் சொன்னது?" என்றார். எதற்கும் பார்த்துவிடலாம் என்று சொல்லி ஒரு கிட்டைக் கொடுத்தார். நான் பின்னால் போய் வந்து அதைக் கொடுக்க, அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கூடவே அந்தப் பெண்களும் என் மூத்திரத்தைத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். ஒற்றைக் கோடு, கர்ப்பம் இல்லை.

நர்ஸ் போய்விட்டார். அவருக்கு வேறு வீடுகள் இருந்தன. பெண்களும் வாங்க வந்ததை வாங்காமலேயே கலைந்தார்கள், ஊரில் போய்ச் சொல்ல அவர்களுக்கு அவசரம்.

 மாமியார் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். "நிறுத்தற மாத்திரையா? வெதைக்கிற நெலத்துக்குத் தண்ணி போவாம மடைய அடைச்சிட்டாளாடா இவ? உனுக்குத் தெரியுமா?"

அவர் அரிசி மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கட்டியிருந்த மூட்டை. அவிழ்த்து மறுபடி கட்டினார். 

"தெரிஞ்சா அவன் வுட்டுருப்பானா?" என்று மாமியாரே பதிலும் சொல்லிக்கொண்டார். கல்லாவில் இருந்த பட்டையை எடுத்தார், உள்ளே போய் அலமாரியில் வைத்திருந்த மிச்சத்தையும் எடுத்தார். எனக்கு வைத்திருந்த அதே வெந்நீர் அடுப்பில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார். நான் ஓடிப் போய்க் கையை விடுவதற்குள் பட்டை சுருண்டுவிட்டது. கருகின பிளாஸ்டிக் நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. அன்றைக்குச் சமைத்த சோற்றிலும் அந்த வாடை இருந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள்.

மாத்திரை நின்றதும் எல்லாம் திரும்பி வந்தது. கொஞ்ச நாளிலேயே உதிரம் கொட்டியது, வலி விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தது. கொட்டாயில் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடந்தேன். எழுந்தால் மயக்கம், படுத்தால் முறுக்கு. வாந்தியெடுத்த இடத்தில் சாம்பலைப் போடக்கூட எழ முடியவில்லை, அந்த நாற்றத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தேன். மாமியார் வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

"வரட்டும். நல்லா வரட்டும். அடைச்சு வெச்சதெல்லாம் வெளிய வரணும்," என்றார். அவர் குரலில் இருந்தது நிம்மதி. நான் அதுவரைக்கும் அவர்மேல் கோபப்பட்டிருக்கிறேன், பயந்திருக்கிறேன், ஒன்றிரண்டு முறை பாவப்பட்டும் இருக்கிறேன். அன்றைக்குத்தான் அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு என் கொட்டாய்க்குள் வந்து என் பாயில் நின்றது. மாமியார் பதறிப்போய் ஓடிவந்தார், ஆனால் வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே காலை வைக்கவில்லை. ஒரு நீளக் குச்சியை எடுத்து நீட்டி நீட்டி அதை விரட்டப் பார்த்தார். குச்சி என் தலையணையில் பட்டது என்று குச்சியையும் தூக்கி எறிந்தார். வலிக்கு நடுவில் நான் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். இந்த வீட்டில் இரும்பு அலமாரிக்குச் சாவி உண்டு, கல்லாவுக்குச் சாவி உண்டு, இரண்டும் அவர் இடுப்பில் இருக்கின்றன. பூட்டே இல்லாத இந்தக் கொட்டாயில் மட்டும் அவர் கை படாது. செத்தாலும் படாது.

தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்த பிறகு, கடைக்குச் சரக்கு எடுத்து வருகிறேன் என்று சொல்லி வாணியம்பாடிக்கு பஸ் ஏறினேன். வலி முழுதாக விடவில்லை. மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிற்றைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மெடிக்கல் கடைக்கார பாய், டாக்டரம்மாவின் சீட்டைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "எத்தன மாசத்துக்கும்மா?" என்று மட்டும் கேட்டார். இருப்பதையெல்லாம் கொடுங்கள் என்றேன். கூடவே நாப்கின் பாக்கெட்டும் வாங்கினேன். அதைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, கொலைசெய்த பொருளை மறைக்கிற மாதிரிக் கொடுத்தார்கள். எப்போதும் எரிச்சல் தருகிற அந்தக் கறுப்புக் கவருக்கு அன்றைக்கு மட்டும் நன்றி சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே பாக்கெட்டைப் பிரித்து, மாத்திரைப் பட்டைகளை நாப்கின்களுக்கு நடுவில் சொருகினேன். ஒரு மாத்திரையைத் தண்ணீர் இல்லாமலேயே விழுங்கினேன்.

கவர் என் கொட்டாயில், தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது. தினமும் காலையில் மாட்டுக்குத் தீனி வைக்கப் போகும்போது கையை விட்டு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். மறுபடி உதிரம் நின்றது, வலி விலகியது, ஸ்டூல் மேல் ஏறி இறங்குகிறேன். ஆனால் கல்லாவில் மட்டும் தொடர்ந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்று புத்தி வந்திருக்கிறது. அதனால் மாதம் பிறந்து பழைய தேதி வந்ததும், "அத்த, தூரமாய்ட்டேங்க," என்று சொல்லிவிட்டு நானே பாயை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விடுகிறேன். எதுவும் வராமல் மூன்று நாள் படுத்திருக்கிறேன். நாப்கினை வழக்கம்போலக் குழிவெட்டிப் புதைக்கிறேன், வெள்ளையாகவே. என் வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்து சோம்புக்குச் சீரகம் கொடுக்கிறார். அண்ணி தூரமா என்று கேட்கிறார்கள், ஆமாம் என்கிறார். அவருக்குச் சந்தேகம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் மூட்டையைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் நின்றார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். வாயைத் திறக்காத அந்தக் குணம் ஒரு முறையாவது எனக்கு உதவட்டும்.

மாமியாருக்கு ரொம்பத் திருப்தி. "இப்பத்தான் தேதி தப்பாம வருது. இனி தங்கிடும் பாரு," என்கிறார் எல்லாரிடமும்.

போன மாதம் தட்டை வாசலில் வைத்துவிட்டு வழக்கம்போலப் போகாமல் நின்றார். நான் சட்டென்று முழங்காலை மடக்கிக்கொண்டு முனகினேன். வலித்த வருடங்களில் எப்படிக் கிடந்தேனோ அப்படியே கிடந்தேன், எனக்கு அது மனப்பாடம்.

"ரொம்ப வலிக்குதாடி?" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டதில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் தகரத்துக்கு வெளியே, என்னைத் தொட்டுவிடாத தூரத்தில் குந்தி உட்கார்ந்தார். "எனுக்கும் இதே வலிதான்," என்றார் மாட்டைப் பார்த்துக்கொண்டு. "இந்த எடத்துலதான் கெடப்பேன். ஒண்ணு பொறந்தா சரியாய்டும்னாங்க. இவன் பொறந்தான். அப்பவும் வுடல. அதுக்கு மேல ஒண்ணும் தங்கவும் இல்ல. யார்கிட்ட போய்ச் சொல்ல?"

அந்தக் கறுப்புக் கவர் என் தலைக்கு மேல் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. பிள்ளை பிறந்தாலும் சரியாகாது என்று தன் உடம்பிலேயே தெரிந்தவர்தான் எனக்கு மலைவேம்பை அரைத்துக் கொடுத்தார், என் மாத்திரையை அடுப்பில் போட்டார். திட்ட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. எழுந்துபோய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் வந்தது. இரண்டையும் செய்ய முடியாது, செய்தால் நடிப்பு கலைந்து மாத்திரை போய்விடும். 

"பொறுத்துக்கோ," என்று எழுந்தார். ஆனால் போகவில்லை. அவர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்ததால் நான் இன்னொரு முறை முனகினேன்.